சந்தனத்துக்கு அடியில் நான்கு எண்கள்

முழங்கால் பேசத் தொடங்கிவிட்ட வயதில் இருக்கிறோம். படியேறும்போது உங்களுக்கும் கேட்கும், எனக்கும் கேட்கிறது, சின்னதாக ஒரு டக். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கார் ஞாபகத்துக்கு வருகிறது. சிரிக்காதீர்கள். உங்களில் பலருக்குச் சின்ன வயதில் சைக்கிளே வாடகைக்குத்தான் கிடைத்திருக்கும். எங்கள் வீட்டுக்கும் கார் பவிசாக வந்து சேரவில்லை. ஒரு பயத்தினால் வந்தது. பயத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் கார்.

பாண்டிச்சேரியில் யாரோ ஒரு டாக்டர் ஓட்டிக் களைத்து விற்றது. மூங்கில் இலை காய ஆரம்பிக்கும்போது ஒரு நிறம் வருமே, அந்த நிறம். கதவைத் திறந்தால் வெயிலில் வெந்த தோல் சீட்டின் வாசனை, அதற்குள் எங்கேயோ ஒளிந்திருக்கும் ஸ்பிரிட் வாசனை. சின்ன கார்தான். லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் லாரியின் விரலைப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு வந்த குழந்தை மாதிரி இருக்கும். எங்கள் களத்திலிருந்து நிமிர்ந்தால் கோட்டை மலை. பாறைமேல் பாறை, இப்போது உருளவா அப்புறம் உருளவா என்று யோசித்தபடி உட்கார்ந்திருக்கும். அதில் ஒன்று உருண்டு வந்து காராக எங்கள் வீட்டில் நின்றுவிட்டது என்று கடைக்குட்டித் தங்கை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, மல்லாட்டை வியாபாரம். வேர்க்கடலை என்று நீங்கள் சொல்வதைத்தான் செஞ்சிப் பக்கம் மல்லாட்டை என்போம். வீட்டுக்குப் பின்னால் உடைக்கும் களம். ஐப்பசி மழை வருவதற்குள் மூட்டைகள் திண்டிவனம் ரயிலடிக்குப் போய்ச் சேர வேண்டும், அதனால் நைனா தினமும் திண்டிவனம் போனார். எங்கள் தலைமயிரிலும் தலையணையிலும் எப்போதும் செம்மண் படிந்த தோலின் தூசி இருக்கும். இன்றைக்கும் வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் முதலில் வருவது பசி இல்லை, தும்மல்.

நாங்கள் நான்கு பெண்கள். அக்கா, நான், எனக்கு அடுத்தவள், கடைக்குட்டி. நயினார் வீடு, அதாவது தமிழ்ச் சமண வீடு என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். விளக்கு வைத்தபிறகு எங்கள் வீட்டில் இலை விழாது. சாப்பாட்டு வரிசை எப்போதும் ஒன்றுதான். சுவரோரம் நைனா, அவரை அடுத்து அக்கா, பிறகு நான், பிறகு சின்னவள்கள் இரண்டு பேர். முதல் கவளம் எடுப்பதற்கு முன்னால் நைனா எண்ணுவார்.

"ஒண்ணு?"

"இருக்கேன் நைனா," என்பாள் அக்கா.

"ரெண்டு?"

"இருக்கேன் நைனா."

"மூணு? நாலு?"

நாலாவது குரல் வந்தபிறகுதான் அவர் கை சோற்றைத் தொடும். பள்ளிக்கூடத்துத் தோழிகள் கேட்டுக் கேட்டுச் சிரித்த வழக்கம் இது. எனக்கே அப்போது வெட்கமாக இருக்கும்.

பயம் என்று சொன்னேனே, அது இந்த எண்ணிக்கைக்குள்தான் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்னால், அமாவாசைக்கு அமாவாசை நைனா மேல்மலையனூரில் மல்லாட்டை உருண்டைக் கடை போடுவாராம். அப்படி ஒரு அமாவாசையில் கைக்குழந்தைப் பருவம் தாண்டிய அக்கா காணாமல் போய்விட்டாள். அந்தக் கோயில் கூட்டம் உங்களுக்குத் தெரியும். ஒரு ஊரே இன்னொரு ஊருக்குள் நுழைகிற மாதிரி. மத்தியானம் தொலைந்தவள் பொழுது சாயும்போது கிடைத்தாள், ஏதோ ஒரு ஸ்பெஷல் பஸ்ஸில், ஜன்னலோரம், யாரோ கொடுத்த பொரியைத் தின்றுகொண்டு. பஸ் கிளம்புவதற்குத் தயாராக உறுமிக்கொண்டிருந்ததாம். அதற்குப் பிறகு நைனா கடை போடவில்லை. தன் பெண்கள் யாரையும் பஸ்ஸில் ஏற விடவில்லை.

அதனால் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த அக்காவுக்குத் திண்டிவனத்தில் டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்தபோது வீடு இரண்டு நாள் பேசாமல் இருந்தது. பஸ் கூடாது. ஹாஸ்டலில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் போடுவார்கள், இருட்டிய பிறகு சோறு போடுவார்கள், எங்கள் வீட்டில் மண்ணுக்கடியில் விளைந்த கிழங்கே கிடையாது. மூன்றாவது நாள் நைனா பாண்டிச்சேரிக்குப் போய் அந்தக் காரோடு வந்தார். வியாபாரத்துக்கு வாங்கினேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். அக்கா பின் சீட்டில் புத்தகங்களோடு உட்கார்ந்து தினமும் போய் வந்தாள். முன்னால் நைனாவும் டிரைவர் பாயும்.

டிரைவர் பாய் எங்கள் ஊர்க்காரர்தான், மெலிந்த மனிதர், எப்போதும் தோளில் ஒரு துணி. வெள்ளிக்கிழமை காலையில் பானெட்டைத் தூக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்துத் திரும்ப மாட்டுவார். ஒன்றைக் கழற்றித் தேய்த்து மாட்டி முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். ஏன் அப்படி ஒவ்வொன்றாக, நாலையும் சேர்த்துக் கழற்றினால் சீக்கிரம் முடியுமே என்று நைனா ஒருமுறை கேட்டார்.

"ஒண்ணொண்ணா கழட்டினா அதோட எடத்துக்கு அது போயிடும்ங்க," என்றார் பாய். நைனா அதைச் சோம்பேறிப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் பாய் தன் தங்கை கல்யாணத்துக்காக ஆற்காட்டுக்குப் போனார். பூஜையன்று காருக்கு அலங்காரம் செய்ய நைனாவே இறங்கினார். எங்கள் வீட்டில் பூசணிக்காய் உடைக்க மாட்டோம். சந்தனம், பூ, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சந்தனத்தில் அவர் குறை வைக்கவில்லை. பானெட்டைத் திறந்து, பிளக்குகளுக்குப் போகும் நான்கு கறுப்பு ஒயர்களையும் இரண்டு முனையிலும் பிடுங்கி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் பாம்புக்குட்டிகள் மாதிரி வரிசையாகக் காய வைத்தார். என்ஜின் முழுக்கச் சந்தனப் பொட்டு. பக்கவாட்டில் இரும்பிலேயே வார்த்த எழுத்துகள் புடைத்துக்கொண்டிருந்தன. அந்த இடம் மேடாக இருந்ததால் அங்கே ஒரு கை நிறைய அப்பினார். பிறகு ஒயர்களைத் திரும்பச் சொருகினார், கண்ணும் கருத்துமாக, தன் சீட்டுப் பக்கத்திலிருந்து எண்ணி: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சாப்பாட்டு வரிசை மாதிரி.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து செல்ஃபைப் போட்டார். கார் இருமியது. மறுபடி போட்டார். சைலன்சரிலிருந்து டமால் என்று ஒரு வெடி. அந்தச் சத்தம் நேரே கோட்டை மலைக்குப் போய், பாறையில் மோதி, ஒரு நொடி தாமதித்து எங்களிடமே திரும்பி வந்தது. மலை பதில் சொன்ன மாதிரி இருந்தது. காக்கைகள் எல்லாம் எழும்பின.

எதிர்வீட்டு ஜவுளிக்கடைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். "இன்னா நயினாரே, கோட்டைமேல இருந்த பீரங்கிய எறக்கிகினு வந்துட்டீங்களா?"

"போய்யா, பெட்ரோல்ல தண்ணி," என்றார் நைனா.

தண்ணீர் இல்லை. அன்று சனிக்கிழமை; மத்தியானம் லாரி ஷெட் மேஸ்திரி வந்தார். பூஜையில் வைத்த சாமான்களை இன்னும் எடுக்கவில்லை என்று வெறும் கையோடு வந்து, செல்ஃபைப் போடச் சொல்லி எட்டி நின்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வால்வு போயிடுச்சிங்க. என்ஜின எறக்கணும். தீவாளி வரைக்கும் ஆவும்."

நைனா முகத்தை நான் பார்த்தேன். அதில் கோபத்தைவிட ஒருவித ஓய்வு தெரிந்தது. இத்தனை மாதங்களாகத் தூக்கிக்கொண்டிருந்த ஒன்றை இறக்கி வைக்கச் சாக்குக் கிடைத்த மாதிரி. இப்போதுதான் அப்படித் தோன்றுகிறது; அன்றைக்கு அவரை வில்லனாகத்தான் பார்த்தேன். அன்று சாப்பிடும்போது சொன்னார்: "பாயி போறதுக்கு முன்னாடி இன்னாவோ நோண்டிட்டுப் போயிருக்கான். சரி, அதுவும் ஒரு நல்லதுக்குத்தான். சாமி கும்பிட்ட மறுநாளே வண்டி படுத்துடுச்சின்னா இன்னா அர்த்தம்? போதும் படிப்பு. வல்லத்துக்காரங்க பொண்ணு கேட்டுகினே இருக்காங்க. திங்கக்கெழம வந்து பாத்துட்டுப் போகட்டும்."

அக்காவின் கை இலையில் நின்றது. திங்கட்கிழமைதான் அவளுக்கு மாதிரிப் பாடம். இன்ஸ்பெக்டர் அம்மா வந்து உட்கார்ந்திருக்க, நிஜக் குழந்தைகளுக்கு முன்னால் அவள் பாடம் நடத்த வேண்டும். வராதவர்கள் அந்த வருஷத்தை விட்டுவிட வேண்டியதுதான். அவளுக்கு விட்ட வருஷம் திரும்பி வராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், கடைக்குட்டியைத் தவிர.

"பாடம் இருக்குது நைனா."

"வண்டி இல்லியேம்மா."

"வண்டி கெளம்பினா?"

நைனா சிரித்தார். "கெளம்பினா போ. நான் இன்னா உன்னப் புடிச்சிகினா இருக்கேன்? திங்கக்கெழம காலைல அது கெளம்பினா நானே கொண்டுபோய் விடறேன்."

நைனாவுக்கு ஓட்டத் தெரியும். ரிவர்ஸ் மட்டும் வராது; எங்கே போனாலும் வட்டமடித்துத்தான் திரும்புவார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வல்லத்துக்கு மாட்டு வண்டியில் கிளம்பியதும் அக்கா பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம். என்ஜினுக்குள் சாமந்திப்பூ வாடிக் கிடந்தது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, குளம் வற்றிய மாதிரி. அக்கா ஈரத்துணியை எடுத்தாள்.

அம்மா சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தாள். "ஏன்டி, பூஜ பண்ண சந்தனத்தத் தொடைக்கிறியே, உனக்குப் புத்தி இருக்குதா?"

"இதுக்குக் கீழ எழுத்து இருக்குதும்மா. போன வாரமெல்லாம் பாத்திருக்கேன்."

துணி போகப் போக இரும்பு வந்தது. ஆங்கில எழுத்துகள், அவற்றை அடுத்து நான்கு எண்கள். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. எந்த வரிசையில் தீப்பொறி போக வேண்டும் என்று செய்தவர்களே வார்த்து வைத்தது என்று அக்கா படித்துச் சொன்னாள்.

"எண்ணத் தெரியாதவன் செஞ்சிருக்கான்," என்றாள் கடைக்குட்டி. அவள் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் பத்து வரை எழுதக் கற்றிருந்தாள்.

அக்கா உடனே ஒயரைத் தொடவில்லை. அவளுக்கு அப்படி ஒரு குணம். ஏன் என்று தெரியாமல் எதையும் செய்ய மாட்டாள், கோலத்தில்கூட புள்ளி எதற்கு என்று கேட்டவள். பாய் செய்வதைப் பார்த்திருந்தபடி நான்கு பிளக்கையும் கழற்றினாள். அம்மாவின் விளக்குமாற்றிலிருந்து நல்ல கெட்டியான குச்சிகளாக எடுத்து, பிளக் இருந்த ஒவ்வொரு துளையிலும் ஒன்றை நிறுத்தினாள். காரின் முகத்தில் ஒரு துளை உண்டு, அதில் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றலாம். சுற்றும் வேலை எனக்கு. பிளக் இல்லாததால் லேசாகச் சுற்றியது, கிணற்று ராட்டினம் மாதிரி.

குச்சிகள் எழுந்தன, இறங்கின. ஓரத்துக் குச்சிகள் இரண்டும் சேர்ந்து எழுந்தன. அப்போது நடுவில் இருந்த இரண்டும் சேர்ந்து இறங்கின. அரைச் சுற்று போனதும் நடுக் குச்சிகள் எழ, ஓரங்கள் இறங்கின. நான் சுற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். இரும்புக்குள் நான்கு பேர் மூச்சுவிடுவது தெரிந்தது. எத்தனையோ அழகான விஷயங்களைப் பிறகு பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றுக்கு முன்னால் அந்த விளக்குமாற்றுக் குச்சிகளை வைப்பேன்.

அக்கா எங்களைக் களத்துப் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தாள். ஓரத்தில் அவள், பக்கத்தில் நான், பிறகு சின்னவள்கள்.

"ஒண்ணும் நாலும் எழுந்திரிங்க. இப்ப உக்காருங்க, ரெண்டும் மூணும் எழுந்திரிங்க. நிக்கறவங்கதான் டும்முனு சொல்லலாம். ஒரு தடவைக்கு ஒருத்தர்தான். எங்க, நைனா போட்ட வரிசைல சொல்லுங்க."

அக்கா நின்று டும் என்றாள். அவளும் கடைக்குட்டியும் உட்கார, நானும் மூன்றாமவளும் எழுந்தோம். நான் டும் என்றேன். அடுத்தது மூன்றாமவள் முறை. ஆனால் அதற்குள் நாங்கள் இருவரும் உட்கார்ந்துவிட்டோம். எழுந்து நிற்பவர்கள் அக்காவும் கடைக்குட்டியும். மூன்றாமவள் உட்கார்ந்தபடி டும் என்று முனகிவிட்டு அழுகிற முகத்தோடு பார்த்தாள்.

"பாத்தியா? உக்காந்துகினு வெடிக்க முடியாது," என்றாள் அக்கா. "இப்ப இரும்புல எழுதியிருக்கற மாதிரி."

ஒன்று எழுந்து டும். மூன்று எழுந்து டும். நான்கு எழுந்து டும். இரண்டு, நான், எழுந்து டும். எல்லோருக்கும் எழுந்து நிற்கும்போதே முறை வந்தது. நாங்கள் வேகமாகச் செய்தோம், இன்னும் வேகமாக, பெஞ்சு ஆடியது, கடைக்குட்டிக்குச் சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது. அம்மா கரண்டியோடு வாசற்படியில் நின்று, இதுகளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுக்கு அப்புறம் நான் வரக்கூடாதா? நானும்தானே நிக்கறேன்?" என்று கேட்டேன். மூன்றாமவளுக்கு முன்னால் கூப்பிடாமல் என்னைக் கடைசியில் தள்ளியது எனக்கு உறுத்தியது.

அக்கா யோசித்தாள். "வரலாம்டி. அப்பிடிச் செஞ்ச என்ஜினும் இருக்கும். இத செஞ்சவன் மூணக் கூப்பிட்டுட்டான். இதுல நீ கடசிதான்."

அப்புறம் துளைகளில் குச்சிக்குப் பதிலாகத் துணிப் பந்துகளை அடைத்தாள். நான் சுற்றினேன். ஒரு துணி டப் என்று வெளியே எகிறியது. அரைச் சுற்றுக்கு ஒன்றாக எகிறின, இரும்பில் எழுதியிருந்த அதே முறையில். ஓரத்துக்காரர்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் எழுகிறார்கள், ஆனால் ஒருத்தி மூச்சைக் கட்டிக்கொண்டு எழுகிறாள், அவள் துணிதான் எகிறுகிறது. மற்றவள் மூச்சை விட்டுக்கொண்டு எழுகிறாள். அடுத்த சுற்றில் மாறிக்கொள்கிறார்கள். இதை எனக்கு விளங்கவைக்க அக்கா தன் கன்னத்தை உப்பிக் காட்டியது இன்னும் கண்ணில் இருக்கிறது.

பிளக்குகளை மாட்டினாள். ஒயர்களை, பொறியைப் பங்கிடும் கறுப்பு மூடியில் ஒன்று என்று குறித்திருந்த துளையிலிருந்து, உள்ளே இருக்கும் முள் சுழலும் போக்கிலேயே, ஒன்று மூன்று நான்கு இரண்டு என்று சொருகினாள். உள்ளே ஏறி உட்கார்ந்து செல்ஃபைப் போட்டாள்.

டமால்.

முந்தியதைவிடப் பெரிய வெடி. மலை அதை வாங்கி அப்படியே திருப்பித் தந்தது. எதிர்வீட்டிலிருந்து குரல்: "யம்மா, பொண்ணுங்களும் பீரங்கிப் படைல சேந்துட்டாங்களா?"

அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழவில்லை, ஆனால் முதுகு தெரிந்தது. முதுகு எவ்வளவு சொல்லும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மா கிட்டே வந்து, "விடும்மா, உள்ள வா. நாளைக்குக் கட்டிக்கப் பொடவைய எடுத்து வெக்கணும்," என்றாள். அக்கா அசையவில்லை.

மூன்றாமவள் அதிகம் பேசாதவள். பானெட் ஓரத்தில் முகவாயை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள். "அக்கா," என்றாள், "இது எட்டலக்கா. வலிக்கற மாதிரி இழுத்துகினு இருக்குது. அது பாரு, சும்மா தொங்குது."

அக்கா இறங்கி வந்தாள். உண்மைதான். ஒரு ஒயர் முதுகு நிமிர்த்தி விறைத்து நின்றது. இன்னொன்று ஊஞ்சல் மாதிரி வளைந்து தொங்கியது. வெட்டியவன் நான்கையும் நான்கு நீளத்துக்கு வெட்டியிருக்கிறான். யாருக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு.

"நாம எங்கேருந்து எண்ணினோம்?" என்றாள் அக்கா மெதுவாக.

எங்கிருந்து எண்ணுவோம்? நைனா உட்காரும் பக்கத்திலிருந்துதான். எங்கள் வீட்டில் ஒன்று என்பது அவருக்கு அடுத்த இடம். சாப்பாட்டில் அப்படி, சினிமாக் கொட்டகையில் அப்படி, படுக்கும்போது அப்படி. காரிலும் ஸ்டியரிங்குக்கு அடுத்ததை ஒன்று என்று எடுத்துக்கொண்டோம், நைனாவும் அப்படியே, நாங்களும் அப்படியே. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் துணி எகிறிய வரிசை ஒன்றாகவே தெரிந்தது. அதுதான் எங்களை ஏமாற்றியிருக்கிறது. மூச்சைக் கட்டிக்கொண்டவளுக்குப் போக வேண்டிய பொறி மூச்சை விடுகிறவளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அக்கா காரின் முன்னால் போய் நின்று அதன் முகத்தைப் பார்த்தாள். "இதுக்கு ஒண்ணு இங்கேருந்து," என்றாள், ரேடியேட்டர் பக்கம் கையை வைத்து.

ஒயர்களை மாற்றினாள். நீளமானது தூரத்துக்குப் போனது, குட்டையானது பக்கத்துக்கு வந்தது. எதுவும் இழுக்கவில்லை, எதுவும் தொங்கவில்லை. செல்ஃபைப் போட வேண்டிய தேவையே இல்லாமல் அது சரி என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. போட்டாள். ஒரு இருமல், அப்புறம் சீராக, அரிசி உலையில் கொதிக்கிற மாதிரி, கார் பேச ஆரம்பித்தது.

கத்தப் போன கடைக்குட்டியின் வாயை அம்மா பொத்தினாள். அவளே உள்ளே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி வண்டியை அடக்கினாள். எங்களுக்குப் புரியவில்லை.

"ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது," என்றாள் அம்மா. "நாங்க சரி பண்ணோம்னு போய் நின்னா அந்த மனுசனுக்கு ஒப்பாது. வேற சாக்கு தேடுவாரு. காலைல அவரே போடட்டும். தானா கெளம்பினதா இருக்கட்டும்." பிறகு உள்ளே போய்ப் புதுச் சந்தனம் இழைத்துக்கொண்டு வந்து, அந்த நான்கு எண்களின் மேலும் அழுத்தி அப்பினாள். எனக்குத் தெரிந்து என் அம்மா செய்த ஒரே சதி அதுதான். எவ்வளவு நேர்த்தி.

அந்த ஹேண்டில் பிறகு பல வருஷம் எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு முட்டாக இருந்தது. பிளக் கழற்றும் ஸ்பேனர் எங்கே போனதென்று தெரியவில்லை. பெஞ்சு கரையான் தின்று போயிற்று. கார் இன்னொரு ஊருக்கு, பிறகு இன்னொரு ஊருக்கு.

டிரைவர் பாய் வந்தது புதன்கிழமை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுப்போகும். பானெட்டைத் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒயர் ஒவ்வொன்றையும் விரலால் தடவினார். யார் கழற்றியது என்று அவர் கேட்கவில்லை. அவர்மீது பழி விழுந்திருந்தது ஊர் முழுக்கத் தெரியும், ஜவுளிக்கடைக்காரர் சொல்லாமலா இருப்பார். "சந்தனம் கமகமன்னு இருக்குதுங்க நயினாரே," என்றார். நைனா கொஞ்சம் கூடுதலாகவே இருமினார். அந்த வெள்ளிக்கிழமை பாய் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேய்த்தபோது நைனா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

விடிந்ததும் அக்கா டிரெயினிங் பள்ளியின் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு, சுருட்டிய படங்களும் சாக்குக்கட்டியுமாகக் களத்தில் நின்றாள். நைனா பல் குச்சியோடு வந்தார்.

"இன்னாம்மா இது? வல்லத்துக்காரங்க பத்து மணிக்கு வராங்க."

"கெளம்பினா போன்னு சொன்னீங்களே நைனா."

"சொன்னேன். அது கெளம்பாதே."

"போட்டுப் பாருங்க."

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்தோம். பேச்சை முடிக்கிற அலுப்போடு ஏறி உட்கார்ந்து செல்ஃபைப் போட்டார். என்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

நைனா இறங்கவில்லை. கையைச் சாவியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குள் அவர் முகத்தில் வந்து போனதை அன்றைக்குக் கோபம் என்று நினைத்தேன். அந்த வயதை நானும் தாண்டி, என் பெண் ஒருத்தி ஊர் தெரியாத ஊருக்கு பஸ் ஏறிப் போகும்போது கையசைத்துவிட்டுத் திரும்பிய அன்று, என் வீட்டுக் கண்ணாடியில் அதே முகத்தைப் பார்த்தேன். அவர் அந்த மேல்மலையனூர் பஸ்ஸின் உறுமலைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

பிறகு இறங்கி வந்து, ஓடுகிற என்ஜினின் மேல் பானெட்டைத் தூக்கினார். ஒயர்களைப் பார்த்தார். சந்தனம் ஈரமாக இருந்தது, மூன்று நாள் முந்தைய பூஜைச் சந்தனம் அப்படி இருக்காது. கட்டைவிரலால் அதை மெதுவாக வழித்தார். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் உதடு அசைந்தது. கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு பானெட்டை மூடினார்.

"ஏறு," என்றார்.

கார் களத்தில் ஒரு பெரிய வட்டமடித்து, மூட்டைகளைச் சுற்றி, தெருவுக்குப் போயிற்று.

வல்லத்துக்காரர்கள் வந்தார்கள். அம்மா பணியாரமும் மோரும் கொடுத்தாள். பெண் எங்கே என்றார்கள். "பாடம் நடத்தப் போயிருக்குது," என்றாள் அம்மா, அது ஏதோ அடுத்த தெருவில் இருக்கிற மாதிரி. மாப்பிள்ளையின் தாயார் பணியாரத்தைப் பாதியில் வைத்துவிட்டு, "எங்களுக்கு டீச்சரம்மா தோதுப்படாதுங்க," என்றார். அம்மா மறுக்கவில்லை. மீதிப் பணியாரம் எங்களுக்கு.

சாயங்காலம் கார் திரும்பியது. பாடம் எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்காவின் கைவிரல் முழுக்கச் சாக்குக்கட்டித் தூள், அதைக் கழுவ மனமில்லாமல் வைத்திருந்தாள். எதிர்வீட்டுக்காரர் என்ன சரி பண்ணினீர்கள் என்று கேட்டதற்கு நைனா, "சூடு ஆறினா தானா கெளம்பும்," என்று சொல்லிவிட்டுக் காலைக் கழுவினார்.

சாப்பிட உட்கார்ந்தோம். சுவரோரம் நைனா. அக்கா, நான், மூன்றாமவள், கடைக்குட்டி. அம்மா ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணு?" என்றார் நைனா.

"இருக்கேன் நைனா."

நான் வாயைத் திறந்தேன்.

"மூணு?"

மூன்றாமவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். "இருக்கேன்," என்றாள், பாதிக் குரலில்.

"நாலு?"

"இருக்கேன் நைனா!" கடைக்குட்டி எழுந்தே நின்றுவிட்டாள், பெஞ்சில் நின்ற மாதிரி.

அக்கா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அம்மாவின் கரண்டி பாத்திரத்தில் ஒருமுறை தட்டியது. நைனா யாரையும் பார்க்கவில்லை; தன் இலையில் இருந்த சோற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் தொடாமல், கடைசிக் குரலுக்காக.

"ரெண்டு?"

"இருக்கேன் நைனா," என்றேன்.

அவர் கை சோற்றைத் தொட்டது. ஜன்னலுக்கு வெளியே மலையில் இன்னும் வெயில் இருந்தது.